பங்கேற்பாளர் 7 கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழக ஆராய்ச்சி அறநெறிக் குழுவினருக்கு,

வணக்கம். பெண்கள், அடையாளம், சமூக நீதி என்று நடக்கும் கள ஆய்வுகளுக்குப் பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளராகப் போய் வருகிறேன். நீங்கள் அனுமதி கொடுத்த ஓர் ஆய்வைப் பற்றித்தான் இந்த மடல். எந்த ஆய்வு என்று உங்களுக்கே தெரியும், இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

அதில் பேசிய ஓர் அம்மா போன மாதம் என்னை வழியில் நிறுத்தி, "அன்னைக்கு அத்தனையும் சொன்னேனே, அது என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். மூன்று மணி நேரம் பேசியவர். கணவரை விட்டு வெளியே வந்த இரவைச் சொல்லும்போது ஒலிப்பதிவை இரண்டு தடவை நிறுத்தினோம், அப்புறம் அவரே "பரவாயில்ல, போடுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார். (அவரைக் கேட்டுக்கொண்டு, அவர் சரி என்ற அளவுக்குத்தான் இதை எழுதுகிறேன்.) அன்று அவர் சொன்னதை மொழிபெயர்த்த நான் இப்போது பதில் தெரியாமல் நின்றேன்.

தேடினேன். கட்டுரை வெளிவந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில், பணம் கட்டினால்தான் திறக்கும் ஆய்விதழில் இருந்தது. அங்கே அவர் 'பங்கேற்பாளர் 7'. பெயரை மறைத்தது சரி, ஆனால் வேலை, வயது, பிள்ளைகள் எத்தனை என்று மற்ற எல்லாமே இருக்கிறது, தெரிந்தவர் யார் படித்தாலும் இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். என்னால் தாங்க முடியாதது இன்னொன்று. "எனக்குப் பயமெல்லாம் இல்ல, கோபம்தான்" என்று அவர் அழுத்திச் சொன்ன இடத்தில், பயத்தில் மௌனமானவர் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு தடவை படித்துக் காட்டியிருந்தால் அவரே திருத்தியிருப்பார்.

அதனால் கேட்கிறேன்: பேசியவர்களிடம் அவர்கள் மொழியில் படித்துக் காட்டி, அவர்கள் திருத்தம் சொன்ன பிறகே வெளியிட வேண்டும் என்பதை அனுமதிக்கு நிபந்தனையாக்குங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு மரியாதை முடிந்துவிடாது. மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளுக்கான அறநெறியாக 1979-இல் அமெரிக்காவில் வந்த பெல்மாண்ட் அறிக்கை மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்று மூன்றைச் சொல்கிறது. சுமை ஒருவருக்கு, பலன் வேறொருவருக்கு என்று ஆகக் கூடாது என்பதுதான் அந்த மூன்றாவது. 2017-இல் தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள், தங்களை ஆராய வருபவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தாங்களே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். எத்தனை முறை மனம் நொந்திருந்தால் ஒரு மக்கள் கூட்டம் அதை எழுத உட்கார்ந்திருக்கும்!

வகுப்பில் இன்டர்செக்‌ஷனாலிட்டி பாடம் நடத்துகிறீர்கள்; இனம், பாலினம் போன்ற பாகுபாடுகள் ஒருவர் மேல் ஒன்றாகச் சேர்ந்து விழுவதைச் சொல்லும் கோட்பாடு அது. 1989-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா அந்தச் சொல்லை முன்வைத்தபோது எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. இனப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் இணைத்து ஒரே புகாராக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் 1976-இல் அவர்களுக்குச் சொன்னது. வேலை இழந்த பெண்கள் துணிந்து பேசியதிலிருந்து வளர்ந்த கோட்பாடு இது. அதை மேற்கோள் காட்டிப் பட்டமும் பதவி உயர்வும் வாங்குகிறவர்கள், தங்கள் முன்னால் உட்கார்ந்து பேசிய பெண்ணிடம் திரும்பிப் போக ஒரு நாள் ஒதுக்குவதில்லை. கேட்டால் நிதியில் இடமில்லை என்கிறார்கள். மாநாட்டுக்குப் பயணச் செலவு மட்டும் எல்லாத் திட்டத்திலும் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் பெயர் நன்றியுரையில்கூட வருவதில்லை, அது போகட்டும், அந்த அம்மாவின் விஷயத்தை விட முடியாது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அடுத்த கூட்டத்திலேயே இந்த நிபந்தனையை எடுத்துப் பேசுங்கள். படித்துக் காட்டாமல் வெளியிட அனுமதிக்காதீர்கள். இந்தக் கட்டுரையை அந்த அம்மாவிடம் படித்துக் காட்ட நானே வருகிறேன், ஊதியம் வேண்டாம். அவர் சொல்லும் திருத்தத்தை ஆய்விதழுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள், அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த நேர்காணலின் மொழிபெயர்ப்பாளர்