செயலாளர் ஆண்டறிக்கை: ஜூலை 2021 முதல் ஜூன் 2022 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டை மாடி அறையில் நாம் நேரில் கூடியது இந்த ஆண்டு குறைவு. கொரோனாவால் ஜனவரிக் கூட்டம் கைப்பேசியில் நடந்தது. பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போனது. சந்தா, வாடகைக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். நான் ஊக நோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் சூப்பர்ஹீரோ பட ரசிகர் மன்றம் இந்த ஆண்டு உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

புதியவர்களுக்காக விதியை மறுபடி சொல்லிவிடுகிறேன். படம் வருவதற்கு முன் ஊகத்தைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொய்த்தால் எழுதியவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்" என்று படம் முடிந்து வருகிறவர்களை அடக்கத்தான் இந்த ஏற்பாடு.

'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' படத்தின் முதல் டிரெய்லர் ஆகஸ்ட் 24 காலை நமக்குக் கிடைத்தது. வேலை முடியாத கிராபிக்ஸோடு அதற்கு முன்பே அது கசிந்துவிட்டது. அதை யார் யார் பார்த்தார்கள் என்று விசாரிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். தலைவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நானும் விசாரிக்கவில்லை. 2004 படத்தில் பார்த்த வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் அதே முகத்தோடு வந்து "ஹலோ, பீட்டர்" என்றதும் நோட்டில் ஒரே இரவில் நான்கு பக்கம் நிரம்பியது. பழைய வில்லன் வேறு பிரபஞ்சத்திலிருந்து வந்தால், முந்தைய படங்களில் அந்த வேடம் போட்ட பழைய ஸ்பைடர்மேன்கள் வராமலா இருப்பார்கள்?

இந்த இடத்தில் உறுப்பினர் ஒருவரின் பெரியப்பா, இதற்கெல்லாம் காரணமான மல்டிவர்ஸ் (பல பிரபஞ்சங்கள்) என்றால் என்னவென்று கேட்டார். நம் மூத்த உறுப்பினர் விழுப்புரம் பஸ்ஸை வைத்து விளக்கினார்: வில்லியனூர் தாண்டி அரியூர் நம்முடையது, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மறுபடி நம்முடையது. அதே ரோடு, அதே ஜனம், அதே பேச்சு. பெட்ரோல் விலை மட்டும் வேறு. பெரியப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. இயற்பியலில் ஹியூ எவரெட் 1957-இல் பல உலகக் கருத்தை எழுதியதையும், காமிக்ஸில் 1961-இலேயே ஃபிளாஷ் என்ற நாயகன் இன்னொரு பூமியின் ஃபிளாஷைச் சந்தித்ததையும் நான் சொல்லப்போனேன். யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது டிரெய்லர் நவம்பர் 17-இல் வந்தது. ஊரெல்லாம் மழை, 19 அதிகாலை தாழ்வு மண்டலம் நமக்கும் சென்னைக்கும் நடுவில் கரையைக் கடந்தது. வெளியே கால் வைக்க முடியாததால் எல்லோரும் வீட்டிலிருந்தே காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். பிரேசிலில் வெளியான டிரெய்லரில் பல்லி வில்லன் லிசார்டின் முகம், எதிரே யாருமே இல்லாதபோது அடிவாங்கித் திரும்புவதை லாஸ்பேட்டை உறுப்பினர் எடுத்துக் காட்டினார். உலகமே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும், அடித்த ஆளை அழித்துவிட்டார்கள் என்று தேதி போட்டு எழுதியவர் அவர். முந்தைய ஸ்பைடர்மேன்களில் ஒருவரான ஆண்ட்ரூ கார்ஃபீல்டோ பேட்டிக்குப் பேட்டி, தான் படத்தில் இல்லை என்றே சாதித்தார். "கூட்டணியே கிடையாதுன்னு கட்சிக்காரங்க சொல்ற மாதிரி இருக்கு, கண்டிப்பா வர்றாரு" என்பது பொருளாளரின் பதிவு. இரண்டும் பலித்தன.

டிசம்பர் 16, அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்னதாகவே நமக்குப் படம். வட்டமாக வாசல் திறந்து கார்ஃபீல்டு வந்தபோது கொட்டகையில் வசனம் ஒன்றும் காதில் விழவில்லை. ஒரே நடிகர் மூன்று வேடம் போடுவது நமக்குப் பழக்கம். ஒரே வேடத்தில் மூன்று பேர் நிற்பதற்கு விசில் அடித்தது அன்றுதான். ஆனால் விழுகிற நாயகி எம்ஜேவை அவர் பிடித்ததும் சத்தம் அடங்கியது. 2014 படத்தில் தன் காதலி க்வென்னைக் காப்பாற்ற முடியாமல் போனவர் அவர். அந்த அழுகையை மட்டும் நோட்டில் யாரும் முன்கூட்டி எழுதியிருக்கவில்லை.

தோற்றவை: முதல் டிரெய்லரில் மேசைமேல் காகிதத்தை வைக்கும் கை, டேர்டெவில் என்ற நாயகனான வக்கீல் மேட் மர்டாக்குடையது என்றோம். கை அவருடையது அல்ல, ஆள் வந்தார். ஆகவே பாதி டீ. மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இவ்வளவு பொறுப்பில்லாமல் மந்திரம் போடுகிறார் என்றால் அது வேஷம் போட்ட மெஃபிஸ்டோ என்ற சாத்தான்தான் என்று எழுதியவன் நான். முழு டீ, பஜ்ஜியுடன். 'வாண்டாவிஷன்' தொடர் காலத்திலிருந்தே இந்தப் பெயர் நம்மை ஏமாற்றி வருகிறது. இனி மெஃபிஸ்டோ என்று எழுதுபவர் முன்பணம் கட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன்.

மே 6-இல் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாம் படத்தைப் பற்றி நீட்டப்போவதில்லை. டிரெய்லரில் குரலை மட்டும் கேட்டே அது பழைய 'எக்ஸ்-மென்' படங்களின் பேட்ரிக் ஸ்டூவர்ட் என்றவர் ஜெயித்தார். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' குழுத் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸாக நடிகர் ஜான் கிரசின்ஸ்கி வேண்டும் என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்டார்கள். வந்தார், வந்த வேகத்தில் படத்தின் வில்லியான சூனியக்காரி வாண்டா அவரை நார் நாராகக் கிழித்துவிட்டாள். உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் கோபம். எனக்கு இதில் வேறு கருத்து: கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு உடனே பிடுங்கிக்கொள்வதுதான் இயக்குநர் சாம் ரெய்மியின் குறும்பு. திரையில் உள்ளதை உற்றுப் பார்த்து எழுதியவர்கள் நம் நோட்டில் ஜெயித்திருக்கிறார்கள், ஆசைப்பட்டதை எழுதியவர்கள் டீ வாங்கியிருக்கிறார்கள். கிரசின்ஸ்கி பக்கத்தை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

நிலுவை ஒன்று. டாம் குரூஸ் வேறொரு அயர்ன்மேனாக வருவார் என்று எழுதிய உறுப்பினர், இன்னொரு பிரபஞ்சத்தில் அவர் வந்திருப்பார் என்று வாதிட்டுப் பணம் தர மறுக்கிறார். டீக்கடை இந்தப் பிரபஞ்சத்தில் இருப்பதால் பொருளாளர் வசூலிக்கலாம் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. 'ஸ்பைடர்வர்ஸ்' அனிமேஷன் படத்தின் அடுத்த பாகம் 2023 ஜூனுக்குத் தள்ளிப்போய்விட்டது. அதற்கான பக்கம் திறந்திருக்கிறது, பேனா நூலில் கட்டியிருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
புதுச்சேரி, ஜூலை 2022