துப்பாக்கி போய்ச் சேரும் இடம்: பாதுகாப்பு உற்பத்தித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: செயலாளர், பாதுகாப்பு உற்பத்தித் துறை, பாதுகாப்பு அமைச்சகம், புதுதில்லி
நகல்: வெளியுறவு அமைச்சகம், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2013-14இல் 686 கோடி ரூபாயாக இருந்த இந்தியாவின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 2024-25இல் 23,622 கோடியைத் தொட்டது. அந்த ஓராண்டில் 1,762 ஏற்றுமதி அனுமதிகள் வழங்கப்பட்டதாக அரசு பெருமையோடு அறிவித்தது. எத்தனை விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன என்ற எண் அந்த அறிவிப்பில் இல்லை. ரைஃபிள், பிஸ்டல், இயந்திரத் துப்பாக்கி, அவற்றின் உதிரிபாகங்கள், தோட்டா ஆகியவற்றுக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களில் எவற்றை, எந்த அடிப்படையில் மறுக்க வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

ஏற்றுமதித் தொகையில் ஏவுகணையும் ரேடாரும் விமானப் பாகங்களும் அடக்கம் என்பது தெரியும். மேலே சொன்ன துப்பாக்கிகள் போன்ற சிற்றாயுதத்தின் பங்கு அதில் சிறியதாகவே இருக்கலாம். ஆனாலும் அதைத் தனியாகப் பார்க்கக் காரணம் உண்டு. ஏவுகணையை விற்ற நாட்டின் கையில் ஒரு பிடி எஞ்சியிருக்கும்: பராமரிப்பு, மென்பொருள், மாற்று பாகம் எல்லாவற்றுக்கும் வாங்கியவர் திரும்பி வந்தாக வேண்டும். ரைஃபிளில் அந்தப் பிடி கிடையாது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் ஐம்பது வருடம் சுடும். பழுதானால் உள்ளூர்ப் பட்டறையே சரிசெய்துவிடும். கப்பலில் ஏறும்வரை மட்டுமே நம்மால் கட்டுப்படுத்த முடியும். சிற்றாயுதத்தில் உரிமம் வழங்கும் தருணத்துக்கு இவ்வளவு எடை இருப்பது அதனால்தான்.

இப்போது அந்தத் தருணத்தில் என்ன பார்க்கப்படுகிறது? அனுமதியின்றி ஏற்றுமதி செய்யக் கூடாத பொருட்களை வரிசைப்படுத்தும் ஸ்கோமெட் (SCOMET) பட்டியலின் 6ஆம் பிரிவில் வரும் படைக்கலங்களுக்கு அனுமதி வழங்குவது உங்கள் துறை. சிற்றாயுத உதிரிபாகங்களும் 2018 நவம்பர் 1 முதல் உள்துறையிடமிருந்து உங்களிடம் வந்துவிட்டன. வாங்குபவரின் நம்பகத்தன்மை, பொருள் கைமாறும் சங்கிலி, பயங்கரவாதிகளின் கைக்குப் போகும் ஆபத்து, நாட்டின் பாதுகாப்பு, வெளியுறவுக் கொள்கை ஆகியவற்றை ஸ்கோமெட் விதிகள் அளவுகோலாக வைக்கின்றன. எல்லாம் தேவையானவையே. ஆனால் வாங்கும் அரசே தன் குடிமக்கள் மீது அந்தத் துப்பாக்கியைத் திருப்புமா என்ற கேள்வி அவற்றில் தனி அளவுகோலாக இல்லை. போலி வாங்குபவரைப் பிடிக்கவே வலை பின்னியிருக்கிறோம். அசல் வாங்குபவர் அதில் சிக்கவே மாட்டார்.

ஆயுதம் தவறான கைக்குப் போகும் வழிகள் நான்கு. மூன்று நமக்கு நன்றாகப் பழக்கமானவை.

தாளே பொய்யாக இருப்பது முதல் வழி. 1995 டிசம்பர் 17 இரவு மேற்கு வங்கத்தின் புருலியாவில் ஏ.கே. ரக ரைஃபிள்களும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் வானிலிருந்து விழுந்தன. பல்கேரியாவின் பர்காஸில் அவை விமானம் ஏறியபோது, வங்கதேசத்தின் பெயரில் ஓர் இறுதிப் பயனர் சான்றிதழ், அதாவது ஆயுதத்தைப் பயன்படுத்தப்போவது யார் என்று வாங்கும் நாடு தரும் உறுதித் தாள், உடனிருந்தது. அந்தச் சான்றிதழ் உண்மையா என்று விற்ற நாடு டாக்காவைக் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

தாள் சரியாக இருந்தும் சரக்கு வழியில் மாறுவது இரண்டாவது. 1997இல் இலங்கை ராணுவம் ஜிம்பாப்வேயின் அரசு நிறுவனத்திடம் 81 மி.மீ. மோட்டார் குண்டுகள் 32,400 வாங்கியது. வாங்கியவர் உண்மையானவர், ஒப்பந்தமும் உண்மையானது. சரக்கை ஏற்றிய கப்பல் மட்டும் விடுதலைப் புலிகளுடையது. கப்பலை ஏற்பாடு செய்தது யார், அது எந்தத் துறைமுகத்தில் எப்போது நிற்கும் என்பதை விற்றவரும் பார்க்கவில்லை, வாங்கியவரும் பார்க்கவில்லை.

மூன்றாவதில் சரக்கு சரியான நாட்டுக்கே போகும்; நாட்டுக்குள் தவறான இடத்துக்குப் போகும். இதில் நாம் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்தின் ஜி36 ரைஃபிள்கள் 2006 முதல் 2009 வரை மெக்சிகோவுக்குப் போயின. குவெரேரோ, சியாபாஸ், சிவாவா, ஹலிஸ்கோ ஆகிய நான்கு மாநிலக் காவல்துறைகளின் மனித உரிமை நிலையைப் பார்த்து, அங்கே போகக் கூடாது என்பது ஜெர்மன் அரசின் நிபந்தனை. சான்றிதழ்களில் வேறு மாநிலங்களின் பெயர்கள் இருந்தன. துப்பாக்கிகள் போனதோ தடைசெய்யப்பட்ட மாநிலங்களுக்கு. 2014 செப்டம்பரில் குவெரேரோவின் இகுவாலாவில் 43 மாணவர்கள் காணாமலாக்கப்பட்ட இரவில் உள்ளூர்ப் போலீசிடம் ஜி36 இருந்தது. 2019இல் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் நிறுவனத்திடமிருந்து சுமார் 37 லட்சம் யூரோ பறிமுதல் செய்ய ஆணையிட்டது; முன்னாள் ஊழியர் இருவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. 2021இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமும் இதைப் பெருமளவு உறுதிசெய்தது.

அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை உங்கள் சட்டப் பிரிவு அவசியம் பார்க்க வேண்டும். இறுதிப் பயனர் சான்றிதழ் உரிமத்தின் பகுதி அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே சான்றிதழில் சொன்ன இடத்தை விட்டு வேறிடத்துக்கு அனுப்பியதை உரிம மீறலாகத் தண்டிக்க முடியவில்லை; பொய்ச் சான்றிதழ் காட்டி உரிமம் வாங்கியது மட்டுமே குற்றமாக நின்றது. நம் அனுமதிக் கடிதத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும்: ‘இணைக்கப்பட்டுள்ள இறுதிப் பயனர் சான்றிதழின் ஒவ்வொரு நிபந்தனையும் இந்த உரிமத்தின் நிபந்தனையே.’

நான்காவது வழியில் எந்த மோசடியும் இல்லை. தாள் அசல், சரக்கு நேராகப் போகிறது, வாங்கிய ராணுவமே பயன்படுத்துகிறது, அந்த ராணுவமே ஊரைக் கொளுத்துகிறது. மியன்மாரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு ஜூனில் அந்நாட்டுக்கு ஆயுதம் போவதைத் தடுக்கக் கோரும் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 119 நாடுகள் ஆதரவளித்தன. விலகி நின்ற 36 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ராணுவ ஆட்சி வந்தபின் மியன்மார் ராணுவத்துக்குப் போன குறைந்தது 100 கோடி டாலர் ஆயுதங்களிலும் அவை தொடர்பான பொருட்களிலும் 5.1 கோடி டாலர் இந்தியாவிலிருந்து போனது என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023 மே மாதம் கணக்குக் காட்டினார். அந்தப் பட்டியலில் சிற்றாயுதம் அல்லாதவையும் உண்டு. எங்கள் கேள்வி அதனால் மாறாது. அதே அறிக்கையில் 25.4 கோடி டாலருடன் சிங்கப்பூரும் இருந்தது. அந்நாட்டு அரசு விசாரணையில் இறங்கியது; அங்கிருந்து ஆண்டுக்கு 11 கோடி டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது ஏறத்தாழ 1 கோடியாகச் சரிந்ததாக அடுத்த ஆண்டு அறிக்கை சொன்னது. நம் பக்கம் அப்படி ஒரு விசாரணை நடந்ததாக எந்த அறிவிப்பும் பொதுவெளியில் இல்லை.

இங்கே உங்கள் துறையின் ஒரு சலுகையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அதே பொருளை அதே வாங்குபவர் மறுபடி கேட்டால், பிற அமைச்சகங்களிடம் கலந்தாலோசிக்காமல் உடனே அனுமதி தரலாம் என்று நடைமுறை எளிமையாக்கப்பட்டது. தொழில் செய்பவருக்கு இது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் 2020இல் வந்த முதல் ஆர்டரும் 2021 மார்ச்சில் வரும் இரண்டாவது ஆர்டரும் ஒன்றா? பொருள் அதே, வாங்குபவரும் அதே, நாடு வேறாகிவிட்டது. சிற்றாயுதம், தோட்டா, அவற்றின் பாகங்களுக்கு இந்தச் சலுகையை நீக்குங்கள். வேண்டுமானால் முதல் மதிப்பீட்டுக்கு ஆறு மாத ஆயுள் கொடுங்கள். அதற்குள் வாங்கும் நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்போ நெருக்கடி நிலை அறிவிப்போ வந்தால் அது தானாகக் காலாவதியாகட்டும்.

மனித உரிமை மதிப்பீடு என்றதும் தத்துவ விவாதம் என்று நினைக்க வேண்டாம். கோப்பில் பதில் எழுத வேண்டிய சில கேள்விகள், அவ்வளவுதான். துப்பாக்கி போவது எந்தப் படைப்பிரிவுக்கு, எந்த மாவட்டக் காவலுக்கு? நாட்டின் பெயர் மட்டும் எழுதினால் மெக்சிகோ கதைதான். அந்தப் பிரிவின் ஆள்பலம் என்ன? 800 பேர் கொண்ட ஒரு பட்டாலியன் 5,000 ரைஃபிள் கேட்டால் மீதி யாருக்கு? கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்தப் பிரிவு மீது ஐ.நா. அமைப்புகளோ நீதிமன்றங்களோ என்ன பதிவு செய்திருக்கின்றன? புதியது வந்ததும் பழைய துப்பாக்கிகள் எங்கே போகும்? இந்தக் கடைசிக் கேள்வியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கழித்துக்கட்டிய பழைய துப்பாக்கிகள்தான் துணைப்படைகளுக்கும் கள்ளச்சந்தைக்கும் போகின்றன. புதியது வாங்கினால் பழையதை அழிக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஜெர்மனி 2015இல் கொண்டுவந்தது இதற்காகவே.

சான்றிதழைப் பற்றி இன்னும் கொஞ்சம். நடைமுறையில் அது ஏற்றுமதியாளர் கையாலோ தரகர் கையாலோ ஸ்கேன் நகலாக வருகிறது; லாபம் யாருக்கோ அவரே சாட்சியும் கொண்டுவருகிறார். இரண்டு சென்ட் நிலம் வாங்குகிறவர்கூட விற்பவர் நீட்டும் நகலை நம்பாமல் பதிவு அலுவலகத்தில் தானே வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். வாங்கும் நாட்டில் உள்ள நம் தூதரகம் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயர், பதவி, மாதிரிக் கையெழுத்து மூன்றையும் அந்த அமைச்சகத்திடமே நேரில் சரிபார்த்துக் குறிப்பு அனுப்ப வேண்டும். ஒப்பந்த எண், எண்ணிக்கை, பெறும் பிரிவு, நம் எழுத்துபூர்வ ஒப்புதலின்றிக் கைமாற்றக் கூடாது என்ற உறுதி, நாம் நேரில் வந்து எண்ணிப் பார்க்கும் உரிமை ஆகிய ஐந்தும் சான்றிதழில் இல்லையென்றால் கோப்பை நகர்த்தக் கூடாது. ஒரே குழும நிறுவனங்களுக்கிடையே வாங்கும் நிறுவனமே சான்றிதழ் தரலாம் என்ற தளர்வும் சிற்றாயுதத்துக்குப் பொருந்தாது என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

நேரில் எண்ணிப் பார்ப்பது நடக்காத காரியமும் அல்ல. 2003-04இல் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு விற்ற கையெறி குண்டுகள் 2012இல் சிரியாவில் கிடைத்தபின், சுவிட்சர்லாந்து தன் அதிகாரிகளை அனுப்பித் தொடர் எண்களைச் சரிபார்க்கத் தொடங்கியது. எல்லா நாட்டுக்கும் போக வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சில இடங்கள், முன்கூட்டி அதிகம் சொல்லாமல் போதும். யாராவது வருவார்கள் என்ற எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

தொடர் எண்ணைச் சரிபார்க்க அது அழியாமல் இருக்க வேண்டும். துப்பாக்கியின் உடற்பகுதியில், அதாவது கழற்றி மாற்ற முடியாத பாகத்தில், அழுத்திப் பொறித்த எண்ணை அரத்தால் தேய்த்தாலும் கீழே உலோகம் நசுங்கியிருப்பதால் தடய ஆய்வகத்தில் அமிலம் வைத்து மீட்க முடியும். லேசரால் மேலோட்டமாக எழுதினால் அந்த வாய்ப்பு குறைவு. பாலிமர் உடல் என்றால் உலோகத் தகடு உள்ளே பதிக்கப்பட வேண்டும். 2005ஆம் ஆண்டின் ஐ.நா. தடமறிதல் ஏற்பாடு உற்பத்திப் பதிவேடுகளை 30 ஆண்டும், ஏற்றுமதி இறக்குமதிப் பதிவுகளை 20 ஆண்டும் வைத்திருக்கச் சொல்கிறது. 2021இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை புதிய நிறுவனம் ஒன்றின் கீழ் போனது. பழைய பதிவேடுகள் யார் பொறுப்பில், எந்த வடிவில் இருக்கின்றன என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

தோட்டாவின் நிலை இன்னும் மோசம். அடியில் ஆலையின் குறியீடும் ஆண்டும் இருக்கும்; லாட் எண், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான தோட்டாக்களின் எண், பெட்டியில்தான். பெட்டியைப் பிரித்து எறிந்தால் தடம் போயிற்று. பிரேசில் தன் காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் விற்கும் தோட்டாக்களின் மேலேயே லாட் குறியீடு பொறிக்க 2003 சட்டத்தில் வழிசெய்தது. 2018இல் ரியோ டி ஜெனிரோ நகர்மன்ற உறுப்பினர் மரியெலி ஃபிராங்கோ கொல்லப்பட்டபோது, கிடந்த வெற்றுக் குப்பிகள் 2006இல் மத்திய போலீசுக்கு விற்ற லாட்டைச் சேர்ந்தவை என்று சில நாட்களிலேயே தெரிந்தது. ஆனால் அந்த லாட் லட்சக்கணக்கில் இருந்தது. 2015 சாவோ பாலோ படுகொலையிலும் அதே குறியீடு கிடைத்திருந்தது. எந்த அலுவலகத்திலிருந்து கசிந்தது என்று சுருக்க முடியவில்லை. ஆகவே பொறித்தால் மட்டும் போதாது: ஒரு லாட் ஒரே வாங்குபவருக்கு, அதுவும் சில ஆயிரங்களுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். ஆலைக்கு அச்சு மாற்றும் செலவு கூடும். அதை விலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா.வில் 154 நாடுகள் ஆயுத வணிக உடன்படிக்கைக்கு ஆதரவளித்தபோது விலகி நின்ற 23 நாடுகளில் இந்தியாவும் இருந்தது. பயங்கரவாதிகள் குறித்த பகுதி பலவீனம், விற்கும் நாடுகள் ஒப்பந்தமான ஆயுதத்தைத் தராமல் தன்னிச்சையாகக் கைவிரிக்க இடமிருக்கிறது என்பன அன்று சொன்ன காரணங்கள். உலகிலேயே அதிகம் இறக்குமதி செய்த நாட்டின் கவலை அது, அதில் நியாயமும் இருந்தது. இப்போது விற்கும் இடத்தில் நிற்கிறோம். உடன்படிக்கையில் சேர்வது அரசின் முடிவு. மேலே கேட்ட எதற்கும் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2024 செப்டம்பரில் இஸ்ரேலுக்கான ஏற்றுமதி தொடர்பான வழக்கைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், இவை வெளியுறவுக் கொள்கைக்குள் வரும் விஷயங்கள் என்று ஒதுங்கியது. ஆக, பொறுப்பு முழுவதும் உங்கள் கோப்பில்தான் இருக்கிறது.

உடன்படிக்கை நாடுகள் ஆண்டுதோறும் மே 31க்குள் தங்கள் ஏற்றுமதி அறிக்கையைத் தர வேண்டும். அதே தேதியை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். நாடு, ஆயுத வகை, எண்ணிக்கை, பெறும் அமைப்பு, மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள், மறுப்புக்கான காரணம் என ஆறு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை, சிற்றாயுதங்களுக்கு மட்டுமாவது, வரும் மே 31 அன்று உங்கள் இணையதளத்தில் வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்து கவனித்துவரும் தமிழகக் குடிமக்கள்