கோவேறு கழுதைக்கு ஒரு சிலை வைங்க: பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமைச்சகத்துல இருக்கிற பெரியவங்களுக்கு வணக்கம்.

இந்தியா கேட் பக்கத்துல 2019ல தேசிய போர் நினைவுச்சின்னம் திறந்தீங்க, தியாக சக்கரத்து கிரானைட் சுவர்ல 25,000 பேருக்கு மேல தங்க எழுத்துல பேர் இருக்கு, அதுல குறை சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல. அந்த சுவர்ல நாய் பேரையும் குதிரை பேரையும் சேருங்கன்னும் நான் கேக்கல, சேத்தா புள்ளைய பறிகொடுத்த குடும்பத்துக்கு சங்கடமா இருக்கும், நியாயம்தான். வெளிய ஜனங்க சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கிக்கிட்டு நடக்குற புல்வெளி ஓரமா போர்ல உழைச்ச மிருகங்களுக்குன்னு தனியா ஒரு நினைவுச்சின்னம் வைங்க, அவ்ளோதான்.

டெல்லில இருக்கிற தீன் மூர்த்தி சிலையவே பாருங்களேன். முதல் உலகப்போர்ல போன ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர் லான்சர்களுக்காக, அதாவது குதிரைப்படைக்காரங்களுக்காக வச்சது. 1918ல ஹைஃபால (இப்போ இஸ்ரேல்ல இருக்கிற ஊர்) குதிரைல பாஞ்சுதான் ஊரையே புடிச்சாங்க, ஆனா சிலைல மூணு ஆளுங்க நிக்கிறாங்க, பேருக்கு ஒரு குதிரைகூட கிடையாது!

ராணுவ நாய்ங்களையாவது நாலு பேருக்குத் தெரியும். 2022ல அனந்தநாக்ல ரெண்டு குண்டு வாங்கி ஆஸ்பத்திரில செத்துப்போன ஜூம், 2023ல ரஜௌரில தன்னைக் கூட்டிட்டுப் போற ஜவானை, அதாவது ஹேண்ட்லரை காப்பாத்தப் போய் உயிரை விட்ட கென்ட், ரெண்டுக்கும் நாமெல்லாம் வாட்ஸப்ல ஸ்டேட்டஸ் வச்சோம், மறுநாள் கிரிக்கெட் பாக்கப் போயிட்டோம்.

கோவேறு கழுதைக்கு அந்த ஒரு நாள்கூட இல்ல. ரோடே இல்லாத மலைல அரிசி, மண்ணெண்ணெய், குண்டுப்பெட்டின்னு முதுகுல 70 கிலோ ஏத்திக்கிட்டு ஏறுற ஜீவன் அது, பேர் வைக்கிறதுகூட அபூர்வம், குளம்புல ஒரு நம்பர்தான். பேர் வாங்குன ஒண்ணு பெடோங்கி. 1971 போர்ல பாகிஸ்தான்காரன் புடிச்சுட்டுப் போயி அவன் சாமானை சுமக்க விட்டான், அது என்னடான்னா அவனோட மெஷின் கன்னையும் குண்டுப்பெட்டியையும் முதுகுல வச்சுக்கிட்டே நம்ம பக்கம் வந்து சேந்துருச்சு. 1992ல டெல்லில நீல வெல்வெட் துணி போத்தி மரியாதை பண்ணுனீங்க, 1998ல செத்துப்போச்சு. இதை சொன்னா எங்க ஊர்ல கதை விடுறேன்னு சிரிக்கிறாங்க.

லண்டன்ல ஹைட் பார்க் ஓரமா 2004ல போர் மிருகங்களுக்குன்னே இந்த மாதிரி ஒரு நினைவுச்சின்னம் தொறந்தாங்க. வளைஞ்ச பெரிய கல் சுவர், அதுல இருக்கிற இடைவெளியப் பாத்து பாரத்தோட ஏறுற ரெண்டு வெண்கல கோவேறு கழுதை, சுவரைத் தாண்டுனா குதிரையும் நாயும். அதுங்களுக்கு வேற வழி இல்லைங்கிற அர்த்தத்துல ஒரு வரி வெட்டியிருக்காங்க. அந்த நேர்மை எனக்குப் புடிச்சிருக்கு. நம்ம ஊர்ல வச்சா தியாகம், வீரமரணம்னு அடுக்கிருவாங்க, தயவுசெஞ்சு வேணாம், போறியா இல்லையான்னு யாரும் அதுங்களைக் கேக்கல.

அதனால முதல்ல கோவேறு கழுதை சிலை. உயரமான மேடை வேணாம், சின்னப் புள்ளைங்க கயித்தையும் பெட்டியையும் தொட்டுப் பாக்குற மாதிரி தரையிலயே நிக்கட்டும். பேர் இல்லாததுக்கு குளம்பு நம்பரையே வெட்டுங்க, ரெக்கார்டு உங்ககிட்டதான இருக்கும்.

அப்புறம் ஓய்வு பெற்ற நாய்ங்களை ஜனங்க தத்தெடுக்குறது எப்படின்னு அங்கயே ஒரு போர்டு, தமிழ்லயும் சேத்து. திறப்பு விழாவுல முன்வரிசை நாற்காலிய ஹேண்ட்லர்களுக்கும் கழுதை ஓட்டுன ஜவான்களுக்கும் விடுங்க, எம்பிங்க ரெண்டாவது வரிசைல உக்காரட்டும்.

இப்படிக்கு,
வரி கட்டுற ஒரு ஆளு