அல்ஜீரியாவில் எங்கே இருந்தது பெருந்தன்மை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் விடுதலைப் போர்கள் சிறப்புக் கட்டுரையில், புதுச்சேரியில் காட்டிய பெருந்தன்மையையே பிரான்ஸ் அல்ஜீரியாவிலும் காட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வரலாறு அறிந்த தாங்கள் இதை எப்படி அச்சுக்கு அனுப்பினீர்கள்?

1954 நவம்பர் 1 அன்று இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கியது. புதுச்சேரியை அடுத்த கீழூரில் வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்த பிறகு நடந்தது அது. அதே நாள் அதிகாலையில்தான் அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணி முதல் தாக்குதல்களைத் தொடுத்தது. இங்கிருந்து அமைதியாகக் கிளம்பியவர்கள் அங்கே ஏழு ஆண்டுகளுக்கு மேல் போரிட்டார்கள். பத்து லட்சம் ஐரோப்பியக் குடியேறிகள், திராட்சைத் தோட்டங்கள், 1956இல் சஹாராவில் கண்டுபிடித்த எண்ணெய் என்று விட மனமில்லாதவை அங்கே நிறைய இருந்தன.

அந்த முன்னணியின் தலைவர்களில் ஒருவரான லர்பி பென் மிகிதியை 1957இல் பிடித்தார்கள். காவலில் தற்கொலை செய்துகொண்டார் என்று அறிவித்தார்கள். கொன்றவர்கள் பிரெஞ்சுப் படையினர்தான் என்று பிரான்சின் அதிபர் ஒப்புக்கொண்டது 2024இல்! 1961 அக்டோபர் 17 அன்று பாரிசிலேயே அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைப் போலீசார் அடித்துக் கொன்று சென் நதியில் வீசினார்கள். 1960 டிசம்பரில் அல்ஜியர்ஸ் தெருக்களில் மக்கள் விடுதலைக் கொடியோடு திரண்டிராவிட்டால் அன்றைய பிரெஞ்சு அதிபர் தெகோல் இறங்கி வந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

என் பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். அல்ஜீரியாவில் இருந்தவர். மலைக் கிராமங்களைக் காலி செய்து, கிழவிகளையும் குழந்தைகளையும் முள்வேலி முகாம்களில் அடைத்ததைச் சொல்லும்போதெல்லாம் பாதியில் எழுந்து போய்விடுவார். அப்படி இடம் பெயர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ இருபது லட்சம் பேர். உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

புதுச்சேரியில் மட்டும் என்ன பெருந்தன்மை கண்டீர்கள்? 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் 12 பேரைச் சுட்டுக் கொன்றது பிரெஞ்சு அரசுதானே? எங்கள் ஊர் என்றாலே தங்கள் இதழுக்கு மஞ்சள் சுவர்களும் கடற்கரைச் சாலையும்தான். கீழூர் பற்றி எழுதுமாறு கேட்டு முன்பு எழுதினேன், பதில் வரவில்லை. பிறகு பிரெஞ்சு ஓய்வூதியக் குடும்பங்கள் பற்றி அனுப்பிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, நான் சொன்னதற்கு நேர்மாறான பொருள் வரும்படி வெளியிட்டீர்கள். அப்போதும் பொறுத்துக்கொண்டேன். தங்கள் இதழ் மீது வைத்திருந்த மதிப்புதான் காரணம்.

கட்டுரையில் 1962 மார்ச் 18ஐ அல்ஜீரியாவின் விடுதலை நாள் என்று குறித்திருக்கிறீர்கள். அன்று எவியான் நகரில் ஒப்பந்தம்தான் கையெழுத்தானது. மக்கள் வாக்களித்தது ஜூலை 1; விடுதலை நாள் ஜூலை 5. அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தையாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி