நூறு வெள்ளிப்பணம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். குலசேகரத்தில் மழை விட்டபாடில்லை, ரப்பர் பால்வெட்டு நின்றுபோய் நாளாகிறது. சிரட்டையில் பாலுக்குப் பதில் மழைத்தண்ணீர். அப்பா மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கி விற்றுச் சமாளிக்கிறார்.

போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஷார்ஜாவில் ஆராதனைக்குப் போனாலும் அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுப்பதில்லை, தகுதி இல்லை என்றாய். மக்களே, தகுதியோடு அங்கே முழங்கால் போடுகிறவர் யார்? மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளுக்கும் பாத்திரர் அல்ல என்று ஜெபித்துவிட்டுத்தானே எல்லாரும் கை நீட்டுகிறோம். போதகரும் அந்த ஜெபத்தைச் சேர்ந்துதான் சொல்கிறார்.

அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசித்தால் ஆக்கினை என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியதைக் காட்டுவாய். 1 கொரிந்தியர் 11-ஐ முழுசாய் வாசி. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று, இல்லாதவர்களை வெட்கப்படுத்தினார்கள். அதற்குத்தான் அந்தக் கண்டிப்பு. தன்னைத்தானே சோதித்தறிந்து ஒதுங்கி நிற்கட்டும் என்று பவுல் எழுதவில்லை; சோதித்தறிந்து புசிக்கட்டும் என்றுதான் எழுதினார்.

சோதிப்பது என்றால், அங்கே கெட்டுப்போனது சகோதரருக்குள் இருந்த உறவு. உனக்கும் அதுதான் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். பழைய ரப்பர் மரத்தை வெட்டி விற்ற காசில் அண்ணன் உன் பங்கைத் தரவில்லை. அவன் செய்தது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன், அவன் முகத்துக்கு நேரேயும் சொல்லிவிட்டேன்.

மத்தேயு 18-ல் இயேசு சொன்ன கதையில், ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் வருகிறானே. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 நாள் கூலி. பத்தாயிரம் தாலந்தை எத்தனை தலைமுறை பால்வெட்டினாலும் அடைக்க முடியாது. ராஜா அதை மன்னித்துவிடுகிறார். வெளியே வந்தவன் நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனைப் பிடித்துத் தொண்டையை நெரிக்கிறான். அந்த நூறை அற்பக் காசு என்று பிரசங்கத்தில் தள்ளிவிடுவார்கள். எனக்கு அது சம்மதமில்லை. வெள்ளிப்பணம் ஒன்று ஒருநாள் கூலி. நூறு நாள் விடியுமுன் எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம்மரமாய்ப் போய் வெட்டிப் பார், அது சின்னக் காசா என்று. இயேசுவும் அதைச் சின்னதென்று சொல்லவில்லை. உனக்கு வந்த நஷ்டம் நஷ்டம்தான். ஆனாலும் மன்னிப்புப் பெற்ற கை தொண்டைக்குப் போகலாமா?

உன் பங்கைக் கேட்காதே என்று சொல்லவில்லை. கேள், தாராளமாய்க் கேள். அவன் பெண்டாட்டிக்கு மெசேஜ் போட்டு ஏசுவதும், அவன் பிள்ளைகளுக்கு வழக்கமாய் வாங்கி அனுப்புகிறதை நிறுத்துவதும் வேண்டாம். அதுகள் என்ன செய்தன?

தேவன் தருவதைச் சம்பளமாய் எண்ணினால், ஜெபம் விட்டுப்போன மாதம் கையில் ஒன்றும் வராது என்று பயப்படுவாய். நான் பிறந்த மயிலாடியில் அந்தக் காலத்தில் மகாராசன் என்பவர் இருந்தார். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு, கிறிஸ்தவராகி வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பினார். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். தேடிப்போனது ஒன்று, கிடைத்தது ஒன்று. எந்தக் கணக்குப் பார்த்து அவருக்குக் கிடைத்தது, சொல்?

அண்ணன் நம்பர் மாறியிருக்கிறது, அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அவன் முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதே, அவன் உன்னைவிட வீம்புக்காரன். திருவிருந்து வருகிற ஞாயிறுக்கு முன்னாலேயே பேசிவிடு. காசு விஷயத்தை அப்பாவையும் பெரியப்பாவையும் வைத்து, கிறிஸ்மஸுக்கு நீ வரும்போது எழுதித் தீர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அம்மா