அந்த ஏழு டாலர்

அன்புள்ள தம்பி,

நல்லா இருக்கிறாயா? நாங்கள் இருவரும் சுகம். சுங்கை சிப்புட்டில் நாலு நாளாக விடாத மழை. தாமான் குடியிருப்பு வாசலில் தண்ணீர் நிற்கிறது, அப்பா மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது மனசை விட்டுப் போகவில்லை. டல்லாஸில் முடி வெட்டிக்கொண்டாய், 35 டாலர். காசு கட்டும்போது முடி வெட்டிய பெண் ஒரு திரையை உன் பக்கம் திருப்பினாள். 18, 20, 25 என்று விழுக்காடு போட்டிருந்தது. நீ 'வேண்டாம்' என்பதைத் தொட்டுவிட்டு வந்துவிட்டாய். "நம்ம ஊர்ல யாரும்மா டிப்ஸ் கொடுக்கிறாங்க? நான் செஞ்சது தப்பா?" என்றாய். வீட்டில் ஆட்கள் இருந்ததால் அப்புறம் பேசலாம் என்றேன். தப்புதான் ஐயா. ஏன் என்று போனில் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நம்ம மலேசியாவில் வழக்கம் நீ சொன்ன மாதிரிதான். சாப்பாட்டுக் கடையில் மீதிக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு வருவோம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஈப்போவில் பெரிய ஹோட்டலுக்குப் போனால் பில்லிலேயே 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள். அது அரசாங்க வரி என்று அப்பா ரொம்ப காலம் நினைத்திருந்தார். வரி வேறு. இது அங்கே வேலை செய்கிறவர்களுக்கென்று வாங்குகிற காசு. 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் வந்தபோது, இந்தக் காசை எடுத்தே சம்பளத்தை நிரப்பப் பார்த்த ஹோட்டல்களும் இருந்தன. தொழிற்சங்கம் விடவில்லை. 2021இல் கூட்டரசு நீதிமன்றம், அது தொழிலாளர் காசு, அதைக் காட்டிச் சம்பளத்தை ஈடுகட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது.

அமெரிக்காவில் நீ இருக்கிற டெக்சஸில் நிலைமை வேறு. உணவகத்தில் பரிமாறுகிறவருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். மிச்சம் ஜனங்கள் கொடுக்கிற டிப்ஸில் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து 7.25 ஆகாவிட்டால்தான் முதலாளி குறையைப் போட வேண்டும். அந்த 2.13, நீ பிறப்பதற்கு முன்னால் 1991இல் வைத்தது, இன்னும் அப்படியே இருக்கிறது. முடி வெட்டுகிறவர்களில் சிலர் பங்குக்கு வேலை செய்கிறார்கள், சிலர் நாற்காலியையே வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். நீ கட்டிய 35 டாலர் முழுசாக அவள் கைக்குப் போயிருக்காது.

இந்த வழக்கம் அங்கே எப்படி வேரூன்றியது என்றும் தேடிப் படித்தேன். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, புல்மன் என்கிற ரயில் கம்பெனி விடுதலையான கறுப்பின மக்களைப் படுக்கைப் பெட்டிகளில் வேலைக்கு வைத்ததாம். சம்பளம் சொற்பம், பயணிகள் கொடுப்பதை வைத்துப் பிழைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் 1925இல் சங்கம் அமைத்து, கம்பெனியோடு ஒப்பந்தம் போட 1937 ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷம்! படிக்கும்போது எனக்கு நம்ம ரப்பர் தோட்டத்து ஆட்களின் முகம்தான் கண்ணில் நின்றது.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. உன் பாட்டி விடியற்காலை நாலு மணிக்கு லயத்து வீட்டு வாசலில் நின்று வானத்தைத்தான் முதலில் பார்ப்பார். அந்தப் பெண் திரையைத் திருப்பிவிட்டு உன் முகத்தைப் பார்த்தாளே, அதுவும் அந்தப் பார்வைதான் தம்பி.

நீ கொடுக்காமல் வந்ததற்கு நானும் ஒரு காரணம். டிப்ஸ் என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று சொன்னதில்லை.

உன் தாத்தா தோட்டத்துப் பெரிய துரை பங்களாவில் புல் வெட்டுகிற வேலை பார்த்தார். தீபாவளி காலையில் லயத்துப் பிள்ளைகளெல்லாம் அங்கே போய் நிற்போம். துரை வெளியே வந்து சில்லறையைப் புல்தரையில் இறைப்பார். விழுந்து பொறுக்குவோம். எனக்கு ஏழு வயது இருக்கும். இருபது காசு ஒன்றை எடுத்து மூடிய கையோடு தாத்தாவிடம் ஓடினேன். கையைத் திறக்கச் சொன்னார். காசில் சேறு ஒட்டியிருந்தது. அதை வாங்கிக் குழாயில் கழுவித் தன் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பையிலிருந்தே வேறு இருபது காசு எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருஷம் நான் பங்களாவுக்குப் போகவில்லை.

அதனால் டவுனில் சலூன் வேலைக்குப் போனபோது யாரிடமும் கை நீட்டக் கூடாது என்ற வைராக்கியத்தோடுதான் போனேன். உனக்கு அப்போது மூணு வயது. என் வேலை தலை கழுவிவிடுவது, தரை கூட்டுவது. நாள் முழுக்கத் தண்ணீரிலும் ஷாம்பூவிலும் கை ஊறும். விரல் இடுக்கில் வெடித்து, ராத்திரி ரசத்தில் சோறு பிசைந்தால் எரியும். வாடிக்கையாளர் கொடுக்கிற காசு கவுண்டரில் ஒரு பிஸ்கட் டின்னில் விழும். மாசக் கடைசியில் பிரித்துத் தருவதாகப் பேச்சு. முதலாளியம்மா அந்த டின்னை வீட்டுக்கு எடுத்துப் போவார், காலியாகத் திரும்பக் கொண்டுவருவார். வேலை போய்விடுமே என்று நான் கேட்கவில்லை. இன்று வரை அது எனக்கு ஆறவில்லை. அமெரிக்காவில் 2018இல் இருந்து முதலாளியோ மேலாளரோ தொழிலாளியின் டிப்ஸை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். நல்ல சட்டம்.

ஓய்வுபெற்ற ஒரு தமிழ்ப்பள்ளி டீச்சர் மட்டும் அந்த டின்னில் போட மாட்டார். நான் தலையைத் துவட்டி முடித்ததும், "கை ரொம்ப வெடிச்சிருக்கேம்மா, எண்ணெய் தடவு" என்று சொல்லி, ஊதா நிற இரண்டு வெள்ளி நோட்டை நாலாக மடித்து என் ஈரக் கையில் வைப்பார். வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாகவே இல்லை. தாத்தா கொடுத்த இருபது காசு மாதிரி இருந்தது. அவர் வருகிற சனிக்கிழமைகளில் உனக்கு மைலோ பாக்கெட் வாங்கி வருவேன், ஞாபகம் இருக்கிறதா?

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. முடி வெட்டினால் 20 விழுக்காடு, 35 டாலருக்கு 7 டாலர். அதை 35க்கு மேலே வருகிற செலவாக நினைக்காதே. முடி வெட்ட 42 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள். கட்டவில்லையென்றால் அது கூலி பாக்கி. கூலி பாக்கி வைத்த வீடு என்ற பெயர் நமக்கு வேண்டாம். வெட்டு பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல், கூலியில் கழிக்காதே. உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்திலும் அப்படித்தான். நின்றபடி காப்பி வாங்கிப் போகிற இடத்தில் திரை காட்டினால் அது உன் விருப்பம். அவர்கள் பெரும்பாலும் முழுச் சம்பளக்காரர்கள். வெளியூர் போய் ஹோட்டலில் தங்கினால், கிளம்புகிற அன்று மொத்தமாக வைக்காமல் தினமும் காலையில் இரண்டு மூன்று டாலர் வைத்துவிட்டுப் போ. அறை சுத்தம் செய்கிறவர் நாளுக்கு நாள் மாறலாம்.

முடிந்தால் திரையில் தொடாமல் நோட்டாகவே கொடு. மேசையில் வைத்துவிட்டு நகராதே, கையில் கொடு.

இந்த மாசம் முடிவதற்குள் அந்தக் கடைக்கு ஒரு நடை போய் அந்தப் பெண்ணிடம், "போன முறை எனக்கு வழக்கம் தெரியவில்லை" என்று சொல்லி 7 டாலரைக் கொடுத்துவிடு. உன் தலையைக் கழுவிவிட்டது அவளேதானா, வேறு பிள்ளையா? வேறு பிள்ளை என்றால் அதற்குத் தனியாக மூன்று டாலர். அதன் பெயரைக் கேட்டு, அடுத்த முறை போன் பண்ணும்போது எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா