வேத ஆராய்ச்சி வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

சேகர குருவானவர் அவர்களே, வட்டத்தின் தலைவர் ஐயா அவர்களே, அன்பான உறுப்பினர்களே, உங்கள் எல்லாருக்கும் நம் ஆண்டவரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரங்கள். நம் சபையின் வேத ஆராய்ச்சி வட்டத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கம்போல் வியாழக்கிழமை மாலைகளில் ஓய்வுநாள் பாடசாலைக் கட்டடத்தில் கூடினோம். சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகை வாரத்திலும், பிள்ளைகளின் பொதுத்தேர்வு நாட்களிலும் மட்டும் கூடுகை இல்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமாகிய லெந்து நாட்களில் தியானக் கூட்டங்களோடு சேர்ந்து நடத்தினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் எடுத்தோம். வருடப்பிறப்பு ஆராதனையில் வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை வாங்கி, அதைப் பயபக்தியோடு வீட்டுச் சுவரிலும் கடைக் கல்லாவுக்கு மேலும் ஒட்டிவைக்கிறோம். அந்த வசனங்களுக்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்? ஆகவே இந்த ஆண்டு முழுவதும் நமக்கு மிகவும் பழக்கமான வசனங்களை எடுத்து, அவை இருக்கும் அதிகாரத்தோடும் புஸ்தகத்தோடும் சேர்த்து வாசிப்பது என்று முடிவானது. யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சூழ்நிலையில் என்ற கேள்விகளுக்குப் பதில் கண்ட பிறகே “இது எனக்கு என்ன சொல்லுகிறது” என்ற கேள்விக்கு வருவது என்பதும் தீர்மானத்தின் பகுதி.

முதலில் எடுத்தது யோபு 8:7. “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.” புதுக்கடை திறப்பு என்றால் இந்த வசனம் இல்லாமல் அழைப்பிதழ் கிடையாது. இதைச் சொன்னவன் யோபின் நண்பனான சூகியனான பில்தாத் என்று வாசித்தபோது பலருக்கு ஆச்சரியம். அதற்கு மூன்று வசனங்கள் முன்னால், பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த தகப்பனாகிய யோபிடம், உன் பிள்ளைகள் செய்த பாவத்தின் ஆக்கினையாக அது இருக்கும் என்ற பொருளில் அதே பில்தாத் பேசுகிறான். பிறகு, நீ சுத்தமும் செம்மையுமானவனாக இருந்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று நிபந்தனை போடுகிறான். அந்த நிபந்தனையின் முடிவில் வருவதுதான் நாம் சுவரில் மாட்டியிருக்கும் வரி.

அன்றைய கூடுகையில் மகனைப் பறிகொடுத்த ஒரு சகோதரி எழுந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தன்னிடமும் இதையேதான் வேறு வார்த்தைகளில் கேட்டார்கள் என்றார். அதற்குப் பிறகு யோபின் புஸ்தகத்தை எங்களால் அவசரமாகக் கடந்துபோக முடியவில்லை. ஒரு மாதத்துக்கென்று வைத்திருந்த பாடம் லெந்து வரை நீண்டது.

விவாதமும் நடந்தது. வேதத்தில் இருப்பதெல்லாம் தேவ வார்த்தைதானே, யார் வாயிலிருந்து வந்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். இதற்குப் பதில் அந்தப் புஸ்தகத்திலேயே இருக்கிறது. 42:7இல் கர்த்தர் யோபின் இன்னொரு நண்பனான எலிப்பாசை நோக்கி, “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை” என்கிறார். அப்படியானால் நண்பர்கள் பேசியது முழுவதும் தள்ளத்தக்கதா? இல்லை என்று காட்ட நம் மூத்த உறுப்பினர் ஒருவர் 1 கொரிந்தியர் 3:19ஐத் திறந்தார். பவுல் அங்கே எடுத்துக்காட்டுவது யோபு 5:13. அது எலிப்பாஸ் சொன்னது. கடைசி அதிகாரத்தில் யோபின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வதிக்கப்படுவதால், பில்தாத் சொன்னதே பலித்துவிட்டதே என்றும் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் பில்தாத் போட்ட கணக்கின்படி அது நடக்கவில்லை. தன்னைப் புண்படுத்திய நண்பர்களுக்காக யோபு வேண்டுதல் செய்தபோதுதான் கர்த்தர் அவன் சிறையிருப்பை, அதாவது அவன் துன்ப நிலையை, மாற்றினார் என்று 42:10 சொல்லுகிறது. நண்பர்களின் வாயிலும் உண்மையான வாக்கியங்கள் உண்டு. அவற்றை நோகிற மனுஷன்மேல் குற்றச்சாட்டாக வீசியதே அவர்கள் செய்த தவறு என்ற முடிவுக்கு வந்தோம். ஏழுநாள் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவே அவர்கள் செய்ததில் சிறந்தது என்று குருவானவரின் மனைவியாகிய ஆயரம்மா சொன்னது இந்த ஆண்டு நான் கேட்டவற்றில் மறக்க முடியாதது.

அடுத்தது எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற வசனம். இது ஒரு கடிதத்தில் வரும் வரி. எருசலேமிலிருந்து எரேமியா, ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதுகிறார். அவர்கள் சிறைப்பட்டுப் போனது கி.மு. 597இல். தூரத்திலிருந்து வந்த கடிதத்தின் நடுவில் ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு யாரும் மடித்துவைக்க மாட்டோம். இந்தக் கடிதத்தை மட்டும் அப்படித்தான் வாசித்து வந்திருக்கிறோம். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று தேவாலயத்திலேயே அறிவிக்கிறான். கேட்க இனிமையாக இருந்திருக்கும். எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போகும் நாளைக் கண்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்குத்தான் “நான் உங்கள் பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்” என்று சொல்லப்பட்டது. வேலை தேடி அலையும் நம் வாலிபர்களுக்கு இந்த ஆண்டு இறுதிக்குள் நடந்துவிடும் என்று இந்த வசனத்தைக் காட்டி உறுதி சொன்னால், நாம் எரேமியாவின் பக்கம் நிற்கிறோமா, அனனியாவின் பக்கமா? வாலிபர் சங்கத்திலிருந்து வந்தவர்களே இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். இப்படி வாசிக்கும்போது ஆறுதல் குறைவதில்லை. காத்திருக்கும் காலத்தையும் தாங்கும் அளவுக்கு அது வளருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

“என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற பிலிப்பியர் 4:13ஐயும் பார்த்தோம். பரீட்சைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் சொல்லும் வசனம். பவுல் அதைச் சிறைக் கட்டுகளில் இருந்து எழுதுகிறார். பட்டினியிலும் குறைவிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றதைப் பற்றிப் பேசும்போது எழுதுகிறார். பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தோம், இருபத்தைந்தே வசனங்கள். இனி சிறிய நிருபங்கள் எல்லாவற்றையும் இப்படியே தொடங்கலாம் என்பது எல்லாருடைய விருப்பம். முதல் வாசகர்கள் அதிகார எண்ணோ வசன எண்ணோ இல்லாமல்தான் கேட்டார்கள். அதிகாரங்கள் 13ஆம் நூற்றாண்டில் பிரிக்கப்பட்டவை; புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைப் பாரிஸிலிருந்து ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்த அச்சாளர் ராபர்ட் எஸ்தியேன் 1551இல் கொடுத்தார்.

லெந்து நாட்களில் சோதனைக்காரனாகிய பிசாசு, கீழே குதியும், தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள் என்று ஆண்டவரிடம் 91ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டிய பகுதியைத் தியானித்தோம். ஆண்டவர் அந்தச் சங்கீதத்தை மறுக்கவில்லை. உபாகமம் 6:16ஐ அதன் பக்கத்தில் வைக்கிறார். அது மாசாவிலே ஜனங்கள் தேவனைப் பரீட்சை பார்த்ததை நினைப்பூட்டி, அப்படிச் செய்யாதிருங்கள் என்று சொல்லும் வசனம். ஒரு வேதவாக்கியத்தை இன்னொன்றின் வெளிச்சத்தில் வாசிக்க இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

1715இல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அதற்குப் பின் வந்தவர்கள் எத்தனையோ பேர் உழைத்ததால் வேதம் முழுவதும் நம் வீடுகளில் இருக்கிறது. இருந்தும் நம் சகோதரிகளில் சிலர், குருவானவராகிய ஐயரவர்கள்தான் விளக்கம் சொல்லவேண்டும், நாங்கள் பேசலாமா என்று ஆண்டின் தொடக்கத்தில் தயங்கினார்கள். பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டப்பட்டார்கள் என்று குருவானவரே எடுத்துச் சொன்னதால் தயக்கம் நீங்கியது. குருவானவர் அவர்களுக்கு நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஒன்று, வருடப்பிறப்பு வாக்குத்தத்த அட்டைகளின் பின்பக்கத்தில், அந்த வசனத்தைப் பேசியவர் யார், யாரிடம் என்ற இரண்டு வரிகளும், முழு அதிகாரத்தையும் வாசிக்கக் கேட்கும் ஒரு வரியும் அச்சிடும்படி சேகரக் கமிட்டியைக் கேட்பது. மற்றொன்று, வேதத்தின் ஆபகூக், புலம்பல் என்ற இரண்டு புஸ்தகங்களையும் பாடமாக எடுப்பது. துக்க வீட்டுக்குப் போகும் சந்திப்புக் குழுவினரும் அந்தக் கூடுகைகளில் அவசியம் கலந்துகொள்ளவேண்டும்.

இடம் தந்த ஓய்வுநாள் பாடசாலைத் தலைமையாசிரியருக்கும், தேநீர் பொறுப்பை ஏற்ற பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்